பொட்டு வைத்த ஸ்டூல்கள்

ஹப்சா மேடம் கடைக்கு வந்த முதல் நாள், எங்கள் எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். அன்று மதியம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எங்கள் கடையில் பெயரால் பெரிய உபயோகம் கிடையாது. வேலைக்குச் சேரும்போது ஒரு தடவை கேட்பார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது ஒரு தடவை சொல்வார்கள். நடுவில் எத்தனை வருஷம் ஓடினாலும் அவரவர் நிற்கும் இடம்தான் அவரவர் பெயர். "ஏம்மா சுடிதார், இங்க வா." "யோவ் வேட்டி, இன்னா பராக்கு பாத்துக்கினு நிக்கிற?" பட்டுப் பிரிவில் நிற்கும் மணிமொழி அக்கா இத்தனை வருஷமும் 'பட்டு'. காலேஜ் முடிந்து மதியம் வந்து பில் போடும் நான் 'பில்லு'.

"நம்ம பேரெல்லாம் அந்தப் பொண்ணுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மொட்டை மாடியில் டிபன் டப்பாவைத் திறந்தபடியே கேட்டார் மணிமொழி அக்கா.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்," என்றார் லோடு இறக்கும் இருசப்பன்.

ஒரு மனிதனின் பெயரைக்கூடப் போட்டுக்கொடுக்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முதலாளியின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான்.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருக்கிறது 'புது ஹப்சா ஜவுளிக் கடல்'. பழைய ஹப்சா ஜவுளிக் கடல் என்று ஒன்று எங்கேயும் இருந்ததில்லை. ஜமால் முகமது பாய் தன் மகள் பிறந்த வருஷம் கடையைத் திறந்தபோது, 'புது' என்று சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று போர்டு எழுத வந்தவர் சொல்லிவிட்டாராம். அந்த மகள்தான் இப்போது திருச்சியில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, ஊழியர்களின் ஈடுபாட்டை உயர்த்துவதற்காகத் திரும்பி வந்திருக்கிறார். அதை அவரே எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார். நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அதில் சிரமம் ஏதும் இருக்கவில்லை.

"ஈடுபாடுன்னா இன்னா சார்?" என்று இருசப்பன் பிற்பாடு சிவசங்கரிடம் கேட்டார். சிவசங்கர் எங்களை மேய்க்கும் சூப்பர்வைசர்.

"வேல ஜாஸ்தி, ஆளு கம்மி. அத நாசூக்கா சொல்றதுக்கு அப்பிடி ஒரு பேரு."

"அப்ப ஆள நிறுத்தப் போறாங்களா?"

"நிறுத்தாம எதுக்குய்யா சிரிக்கிறாங்க? நம்ம பாய் என்னிக்காவது உன்னப் பாத்து சிரிச்சிருக்காரா? அவரு நல்ல மனுசன்."

மறுநாள் மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "கடைல உங்களுக்கு என்ன கஷ்டம்? தைரியமா சொல்லுங்க," என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சிவசங்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு கஷ்டமும் இல்லீங்க மேடம்," என்று எல்லோரும் தைரியமாகச் சொன்னோம். இருசப்பன் மட்டும், சின்ன வயதில் மேடத்தைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர் என்பதால், "ஒரு கஷ்டமும் இல்ல பாப்பா," என்றார். இவ்வளவு சந்தோஷமான ஊழியர்களை மேடம் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அன்று முதல் அவருக்கும் எங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கஷ்டம் இருந்தது. அது காலில் இருந்தது.

எங்கள் கடையில் உட்காரும் உரிமை முதலாளிக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான். கம்ப்யூட்டரைத் தட்ட ஆள் வேண்டும் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி. மற்றவர்கள் ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. உட்கார ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் கீழ்த்தட்டு. அலமாரியின் ஆக அடியில் இருக்கும் தட்டைச் சரிசெய்ய வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கால் கடுத்தால், "கீழ்த்தட்டு கலைஞ்சி கெடக்குது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் அடுக்கி முடித்து எழுந்ததும் அடுத்தவர் உட்கார்ந்து, அதைக் கலைத்து மறுபடி அடுக்குவார். சிவசங்கரே வாரத்துக்கு ஒருமுறை கீழ்த்தட்டைப் பரிசோதிக்க உட்கார்வார். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அவ்வளவு ஒழுங்காக அடுக்கிய தட்டு வேறெந்தக் கடையிலும் இருக்காது. அதிலிருந்து ஒரு புடவை விற்று நான் பில் போட்டதும் இல்லை.

மணிமொழி அக்காவுக்குத்தான் கீழ்த்தட்டு அதிகம் தேவைப்பட்டது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. வடக்கனந்தல் பஸ்ஸில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். 'நடுநடுவே உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தால் செய், இல்லையென்றால் விட்டுவிடு, புண் வந்தால் லேசில் ஆறாது' என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுகிற நிலைமையில் வீடு இல்லை. வீட்டுக்காரர் குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ்த்தட்டு இருக்கறவரைக்கும் ஓட்டிடுவேன் பில்லு," என்பார் என்னிடம். "அது இல்லன்னா நா வூட்லதான் உக்காரணும்."

ஆயுத பூசைக்கு முந்தின நாள் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சிவப்பு ரெக்சின் போட்ட ஸ்டூல்கள் இறங்கின, பிரிவுக்கு ஒன்றாக. ஹப்சா மேடம் ஆர்டர் செய்தவை. எதற்கென்று சொல்ல அவர் ஊரில் இல்லை. ஆம்பூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பாவும் மகளும் போயிருந்தார்கள்.

எங்கள் பாய் ஆயுத பூசையில் தலையிட மாட்டார். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்துவிட்டு, "நல்லா கும்புடுங்கப்பா," என்று ஒதுங்கிக்கொள்வார். அன்றைக்குக் கடை இருசப்பனுடையது. சந்தனக் கிண்ணம் கைக்கு வந்துவிட்டால் அவரை யாராலும் நிறுத்த முடியாது. கத்தரிக்கோல், மீட்டர் அளவுகோல், கல்லாப்பெட்டி, ஜெனரேட்டர், புடவை கட்டிய பொம்மைகள் என்று எதுவும் பொட்டுக்குத் தப்பாது. போன வருஷம் அசந்து நின்ற கூரியர்காரருக்கும் வைத்துவிட்டார். இந்த வருஷம் புது ஸ்டூல்கள் கண்ணில் பட்டன. ஒரு ஸ்டூலில் சரஸ்வதி படத்தை ஏற்றினார். மற்றவற்றில் பொரித்தட்டு, பழத்தட்டு, பட்டுப் பிரிவு ஸ்டூலில் பூசணிக்காய். பூசை முடிந்து எல்லாவற்றையும் இறக்கியபின், ஒவ்வொரு ஸ்டூலின் தலையிலும் மூன்று கோடு சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் அப்பினார்.

பூசை விடுமுறை முடிந்து மேடம் வந்தார். "இதெல்லாம் உங்களுக்குத்தான். கஸ்டமர் இல்லாதப்ப உக்காந்துக்கோங்க," என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு மாடிக்குப் போனார். யாரும் உட்காரவில்லை.

"கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாமாம்," என்றார் சிவசங்கர். "நீ உக்காந்தா இன்னா அர்த்தம்? கஸ்டமர் இல்லன்னு அர்த்தம். கஸ்டமர் இல்லன்னா உனக்கு எதுக்கு சம்பளம்? பெரிய பெரிய கடைல இப்பிடித்தான் பண்றாங்க. எவன் எவன் உக்கார்றான்னு கேமராவுல பாத்து வெச்சிக்கினு, தீபாவளி முடிஞ்ச மறுநா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பட்டு செக்ஷன் மேல இருக்கற கேமரா ஓடல சார்," என்றேன் நான். கேமரா திரை என் பக்கத்தில்தான் இருக்கிறது. "எலி ஒயரக் கடிச்சி ரொம்ப நாளாவுது."

"பாத்தியா? ஓடலன்னு சொல்றதுக்கே ஆள் போட்டிருக்காங்க," என்றார் இருசப்பன்.

கேமராவை விட்டாலும் பொட்டு இருந்தது. மணிமொழி அக்கா அன்று சாயங்காலம் இருசப்பனை ஓரமாகப் பிடித்தார்.

"ஏண்ணே, உன் மொபெட்டுக்குந்தான் பொட்டு வெச்ச. அது மேல உக்காந்துதான வூட்டுக்குப் போற?"

"அது ஓடற சாமி. அது மேல உக்காரலாம். இது நிக்கிற சாமி."

"அப்ப பில்லு நாற்காலி?"

"அதுக்கு முதுவுல வெச்சேன். உக்கார்ற எடத்துல வெக்கல. ஸ்டூல்ல சரஸ்வதியே உக்காந்துட்டாம்மா. அவ உக்காந்த எடத்துல நீ உக்காருவியா?"

"என் ஸ்டூல்ல பூசணிக்காதான உக்காந்துச்சி?"

"அது அத வுட மோசம். ஊரு திருஷ்டி மொத்தமும் அதுலதான் எறங்கியிருக்கும்."

மணிமொழி அக்கா ஸ்டூலைப் பார்த்தார். பிறகு, கீழ்த்தட்டு கலைந்து கிடப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருசப்பன் ஸ்டூல்களுக்குப் புதுப் பொட்டு வைத்து, ஆளுக்கொரு முழம் சாமந்தியும் சுற்றினார். நாங்கள் ஸ்டூல்களைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டோம். சிலர் வலமாகவே போனார்கள். கால் தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கல்லாவில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது எனக்குக் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

"அத்தா, நீங்கதான் உக்காரக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கீங்க."

"நான் எதுக்கும்மா சொல்றேன்? நான் அவங்ககிட்ட பேசியே வருசமாவுது."

"அப்ப அந்தப் பொட்டெல்லாம் தொடைக்கச் சொல்லுங்க."

பாய் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. நம்ம வாயால தொடைன்னு சொன்னா, அது ஸ்டூலப் பத்தின பேச்சா இருக்காது. வெளிய போவும்போது வேற பேச்சா போவும். எனக்கென்னமோ இவனுங்க வேணும்னுதான் வெச்சிருக்கானுங்களோன்னு இருக்குது."

"கடைல வேலை செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு அத்தா."

"சட்டம் இருக்குது. பொட்டும் இருக்குது."

ஆக, மேடம் அப்பாவைச் சந்தேகப்பட்டார். அப்பா எங்களைச் சந்தேகப்பட்டார். நாங்கள் மேடத்தையும் கேமராவையும் என்னையும் சந்தேகப்பட்டோம். கடையில் இவ்வளவு ஈடுபாட்டோடு எல்லோரும் ஒருவரையொருவர் கவனித்த காலம் அதற்குமுன் இருந்ததில்லை.

மேடம் விடுகிற ஆள் இல்லை. ஸ்டூலில் உட்காராதவர்கள் வேறு எங்கே உட்கார்கிறார்கள் என்று கவனித்தார். கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பட்டுப் பிரிவில் தரையில் உட்கார்ந்து, நேற்று அடுக்கிய புடவைகளை இன்றும் அடுக்கிக்கொண்டிருந்த மணிமொழி அக்காவைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ மணிமொழி, இவ்ளோ கீழ தட்டு வெச்சது யாரு? தெனம் தரையில உக்காந்து உக்காந்து உங்க காலு என்னாவறது?"

"பரவால்லீங்க மேடம். எனக்குப் புடிச்ச வேல."

"சும்மா சொல்லாதீங்க."

மறுநாளே தச்சர் வந்து எல்லாக் கீழ்த்தட்டையும் ப்ளைவுட் வைத்து அடைத்துவிட்டார். இனி யாரும் தரையில் உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டாம் என்று மேடம் சொன்னார். மனதாரச் சொன்னார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"கீழ்த்தட்டு விசயம் வெளிய போயிடுச்சி," என்றார் சிவசங்கர். இந்த முறை என்னைப் பார்க்காமல் மணிமொழி அக்காவைப் பார்த்தார். அவரிடம்தானே மேடம் பெயர் சொல்லி அவ்வளவு நேரம் பேசினார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான் முழு நாள் வேலைக்கு வந்திருந்தேன். மணிமொழி அக்கா கடை திறக்குமுன் என்னிடம் வந்தார். காலில் துணி சுற்றியிருந்தார். செருப்பு காலையிலேயே கையில் இருந்தது.

"இன்னிக்கு எப்பிடியாவது ஓட்டிட்டன்னா, ராத்திரி பாய்கிட்ட சொல்லிடப் போறேன். நாளைலேர்ந்து வரல. முடியல பில்லு."

"மேடத்துக்கிட்ட காலக் காட்டுங்கக்கா."

"காட்டினா நாளைக்கே அனுப்பிடுவாங்க. நானா சொன்னா தீபாவளி துணியாவது குடுப்பாங்க."

அன்றைக்குக் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. மலைப் பஸ்ஸில் வந்தவர்கள் மூட்டையோடும் குழந்தையோடும் நேராகக் கடைக்குள்தான் இறங்கினார்கள். வெள்ளிமலையிலிருந்து ஒரு குடும்பம், சின்னப்பொண்ணு என்கிற அம்மாவும் அவருடைய கல்யாணப் பெண்ணும் கூடவே ஒரு ஜமாவும், பட்டுப் பிரிவில் விரித்திருந்த மெத்தையில் உட்கார்ந்தார்கள். மணிமொழி அக்கா எட்டி எட்டி மேல் தட்டிலிருந்து எடுத்து விரித்தார். அந்தம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

"அத எடு. அதில்ல, அதுக்கும் மேல. மாங்கா கரை இல்லியா?"

மாங்காய்க் கரையை எடுத்துத் திரும்பியபோது மணிமொழி அக்காவின் கால் மடங்கியது. கை தன்னால் கீழ்த்தட்டுக்குப் போனது. ப்ளைவுட்டில் தட்டியது. அலமாரியைப் பிடித்து நிமிர்ந்தார். பக்கத்தில் ஸ்டூல் இருந்தது, பொட்டோடும் பூவோடும். அந்தப் பக்கம் சிவசங்கர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கட்டோடு வந்த இருசப்பன் வழியில் நின்றுவிட்டார். எனக்கு பில் ஓடவில்லை.

மணிமொழி அக்கா ஸ்டூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டார். குங்குமத்தை விரலால் எடுத்து நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார். சந்தனத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ரெக்சினை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"ம், இந்த மாங்கா கரையப் பாருங்க," என்றார்.

சின்னப்பொண்ணு அம்மா புடவையைப் பார்க்கவில்லை. "இன்னா கடைல குங்குமப் பிரசாதமெல்லாம் குடுக்கறீங்க? கல்யாணப் பொண்ணக் கூட்டிக்கினு வந்திருக்கோம், மொதல்ல சொல்ல மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். எழுந்து போய்ச் சுடிதார் பிரிவு ஸ்டூலிலிருந்து குங்குமம் எடுத்து மகள் நெற்றியில் வைத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் குடும்பம் எழுந்தது. அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம். இலவசமாக ஒன்று கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் துணிக்கடையில் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்டூலிலும் பொட்டு இல்லை. துளித்துளியாக வழித்தெடுத்துவிட்டார்கள். சரஸ்வதி உட்கார்ந்திருந்த ஸ்டூலில் ரெக்சினும் கொஞ்சம் உரிந்திருந்தது.

கல்லாவில் பாய் அதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீ சாட்சி," என்றார் என்னிடம்.

கூட்டத்தில் உதவி செய்ய இறங்கி வந்த மேடம், மணிமொழி அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் படியிலேயே நின்று கை தட்டினார். ஓடிவந்து போனில் ஒரு போட்டோ எடுத்தார்.

"முடிஞ்சிது," என்றார் சிவசங்கர். "ஆதாரம் எடுத்துட்டாங்க."

மணிமொழி அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி பாயிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. மறுநாள் வந்து, அனுப்பினால் அனுப்பட்டும் என்று மறுபடி உட்கார்ந்தார். மற்றவர்கள் பொட்டு அழிந்த ஸ்டூல்களைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். தீபாவளி முடியட்டும் என்றார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒரு புது போட்டோ மாட்டியிருந்தது. தங்க நிறச் சட்டம். உள்ளே மணிமொழி அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மாங்காய்க் கரையைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே 'இம்மாதச் சிறந்த ஊழியர் – மணிமொழி' என்று எழுதியிருந்தது.

அந்தச் சுவரில் அதுவரை ஒரு ஊழியரின் போட்டோதான் உண்டு. கணக்குப்பிள்ளை முனியன். கடையிலேயே உயிர்விட்டவர். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் மாலையும் ஒரு சின்ன சிவப்பு பல்பும் போட்டிருந்தோம்.

வடக்கனந்தல் பஸ் அன்று தாமதம். பஸ் வருவதற்குள் இருசப்பன் அழுது முடித்து, பூ வாங்கி வந்துவிட்டார். மணிமொழி அக்கா செருப்புக் காலோடு உள்ளே நுழைந்தபோது அவர் ஸ்டூலில் ஏறி நின்று போட்டோவுக்கு மாலையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ் அண்ணே! எறங்குய்யா! நா உசுரோட இருக்கேன்!"

இருசப்பன் திரும்பிப் பார்த்தார். சட்டென்று நம்பிவிடவில்லை. இறங்கி வந்து, மணிமொழி அக்காவின் காலைப் பார்த்தார். கால் தரையில் இருந்தது.

"செருப்பு போட்டிருக்கியே," என்றார்.

"வீக்கம் கம்மியாயிடுச்சி."

அன்றும் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த வாரம் முழுக்க அனுப்பவில்லை. அது எங்களுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. சிவசங்கர் புது விளக்கம் ஒன்று சொன்னார். போட்டோ மாட்டியபின் அந்த ஆளை நிறுத்தினால் தங்க நிறச் சட்டத்துக்குக் கொடுத்த காசு தண்டம், அதனால் மணிமொழியை நிறுத்த மாட்டார்கள், மற்றவர்களைத்தான் நிறுத்துவார்கள் என்றார். 'பட்டு' என்று சொல்லாமல் மணிமொழி என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை. அதன்பின் மணிமொழி அக்கா பக்கத்தில் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் யாரும் முதலாளியைத் திட்டுவதில்லை. போட்டோ வந்த ஆள், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, மேடம் எங்களை மறுபடி வரிசையாக நிற்கவைத்தார். வியாபாரம் நன்றாக நடந்ததால் கடைக்கு ஒருநாள் லீவு விட்டு, எல்லோரையும் பஸ்ஸில் கல்வராயன் மலைக்கு அழைத்துப்போகப் போகிறாராம். அருவியில் குளிக்கலாம், பிரியாணி உண்டு, விளையாட்டுப் போட்டி உண்டு என்றார்.

"மல மேல கூட்டிக்கினு போயி, அங்கயே வுட்டுட்டு வந்துடுவாங்க," என்று என் காதில் சொன்னார் இருசப்பன்.

"போற நேரத்துல இங்க புது ஆளப் போட்டுடுவாங்க," என்றார் சிவசங்கர், உதடு அசையாமல்.

"எல்லாரும் வரீங்கதானே?" என்று கேட்டார் மேடம்.

எல்லோரும் தைரியமாகச் சிரித்தோம். ஒருவர் குரல் மட்டும் வரிசைக்கு வெளியே இருந்து வந்தது. மணிமொழி அக்கா வரிசையில் நிற்கவில்லை. பட்டுப் பிரிவில், ஸ்டூலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நா வரல மேடம்," என்றார். "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க. நா இங்கயே உக்காந்துக்கறேன்."